வேணாம் என்று சொன்ன தாய்

"அக்கா, எங்கம்மா என்னைய வேணாம்னு சொன்ன எடம் இதுலதான் இருக்கு. அத மட்டும் வாசிங்க, போதும்."

மதுஷா தாளைக் கவுண்டரில் வைத்தாள். வைத்தாள் என்ன, அறைந்தாள்.

பதுளையில் கோட்டுக்கு எதிரே போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் பலீலாவுக்கு இது புதுசில்லை. பழைய வழக்குத் தாளெல்லாம் சிங்களத்தில். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கோட்டில் கொப்பி எடுத்த கையோடு நேரே இவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

"போனுல படம் புடிச்சுப் பாத்தேன்க்கா. கையெழுத்தா இருக்கிறதால ஒண்ணும் வெளங்கல."

"என்னத்த வழக்கு புள்ள இது?"

"எங்கப்பாவும் அம்மாவும் பிரிஞ்ச வழக்கு. அப்ப எனக்கு அஞ்சு வயசு. நான் யாருகிட்ட இருக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப, 'எனக்கு இந்தப் புள்ள வேணாம்'னு எங்கம்மா ஜட்ஜையா முன்னாடியே சொன்னாங்களாம். அப்பா சொல்லித்தான் தெரியும். அவரும் போன வருஷம் தவறிட்டாரு."

கடை வாசலில் ஒரு பெண் ஒதுங்கி நின்றாள். மொனராகலைக் கரும்புக் காட்டு வெயில் அவளை நன்றாகக் கறுக்க வைத்திருந்தது.

"அந்தா நிக்கிறாங்களே, அவங்கதான்."

அடுத்த மாசம் மதுஷாவுக்குக் கல்யாணம். எப்படியோ காதில் விழுந்து, தாய்க்காரி விஜயலெட்சுமி மொனராகலையிலிருந்து பஸ் ஏறி நமுனுகுல தோட்டத்து லயத்து வீட்டுக்கே வந்துவிட்டாளாம். மணவறைக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாய் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஒரே கெஞ்சலாம்.

"நானும் சொல்லிட்டேன்க்கா. கோட்டுப் பேப்பர எடுத்துப் பாப்போம். அப்பா சொன்னது பொய்யின்னா, அப்பா நிக்க வேண்டிய எடத்துல நீங்களே நில்லுங்க. உண்மையின்னா அந்தப் பக்கமே வராதீங்கன்னு."

"அதுக்கு என்ன சென்னாங்க?"

"'பழைய பைலு புள்ள, கரையான் தின்னுருக்கும், விட்டுரு'ங்கிறாங்க. நல்ல மனசுக்காரி பேசுற பேச்சா இது?"

பைலும் லேசில் அகப்படவில்லை. மதுஷாவுக்குத் தெரிந்த வருஷம் பிழை. அந்த வருஷத்துக் கட்டெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்து தேம்பியதைக் கண்டதும் விஜயலெட்சுமியே எழுந்து போய், வழக்கு நம்பரை மனப்பாடமாய்ச் சொல்லி எடுத்துக் கொடுத்தாளாம்.

பெற்ற பிள்ளையை வேணாம் என்றவளா என்று பலீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் பிள்ளை பெற்றவள்தான்.

"சே! பெத்த வயிறா இது?" என்றாள், வாசலில் நிற்பவளுக்குக் கேட்கும்படியே.

விஜயலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பலீலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. வாசித்தாள். திரும்பவும் மேலேயிருந்து வாசித்தாள்.

"என்னக்கா, இருக்கா?"

பலீலா வாயைத் திறப்பதற்குள் விஜயலெட்சுமி உள்ளே வந்துவிட்டாள். வந்த வேகத்தில் கவுண்டர் மேலிருந்த பலீலாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மறைக்காம சொல்லிருங்க தங்கச்சி. நான்தான் வேணாம்னு சொன்னேன். அத அவகிட்ட வாசிச்சுக் காட்டிருங்க."

பலீலா அந்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தாளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"'எனக்கு இந்தப் புள்ள வேணாம், தகப்பனே வெச்சிக்கட்டும்' எண்டு ஈக்கிது."

மதுஷா விஜயலெட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா பொய்தான் சொல்லியிருக்கணும் சாமின்னு எத்தன நாளு வேண்டியிருப்பேன் தெரியுமா?" என்றாள் அம்மாவிடம். "கல்யாணத்துக்கு வந்துறாதீங்க."

"இந்தக் கருமத்த எரிச்சிருங்கக்கா." தாளைத் தொடக்கூட இல்லை. விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டாள்.

அவள் தலை மறைந்ததும் பலீலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

"என்னத்துக்கு என்னயப் பொய் செல்ல வெச்சீங்க? வழக்குத் தவணைக்குத் தவணை வந்து, 'எம் புள்ளயத் தாங்க சாமி'ண்டு நீங்க அழுததெல்லாம் இதுல ஈக்கிதே! நீங்க மணவறையில நிண்டிருக்கலாமே! அல்லாவே, தெரியாம நான் வேற வாய்க்கு வந்ததச் சென்னேனே. என் நாக்கு அழுகத்தான் வேணும்!"

"நீங்க என்ன செய்வீங்க தங்கச்சி. அதுக்குக் கீழ இருக்கிறதையும் வாசிச்சிருப்பீங்கதானே?"

பலீலா தாளைக் கவிழ்த்து வைத்தாள். வாசித்திருந்தாள்.

"யாருகூடப் போறேன்னு ஜட்ஜையா அவளையே கேட்டாரு. அவங்கப்பன் என்னா சொல்லிக் குடுத்திருந்தாரோ. என் மூஞ்சியப் பாத்து, 'இந்த அம்மா எனக்கு வேணாம்'னு சொல்லிருச்சு. அஞ்சு வயசுப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்? இப்ப ஞாபகமும் இல்ல."

விஜயலெட்சுமி மகள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொன்னது தான்தான்னு தெரிஞ்சா எம் புள்ள தாங்காது தங்கச்சி. என்னைய வெறுத்துக்கிட்டாவது, மணவறையில சிரிச்ச மொகமா உக்காரட்டும்."