தாய்மொழியில் ஒரு தடுப்பூசி

தாய்மொழியில் மருத்துவம் பெறுவது மனிதனின் பிறப்புரிமை என்று ராபர்ட்சன்பேட்டை தடுப்பூசி முகாமின் பேனர் கன்னடத்தில் முழங்குகிறது. தமிழ்க்காரர்களின் அந்த உரிமையைக் காக்க, தன்னார்வலர் சுமாவுக்குப் பச்சை டீ-சர்ட் மாட்டி டாக்டர் பக்கத்தில் மொழிபெயர்க்க நிறுத்தியிருக்கிறார்கள். போன மழைக்கு நிமோனியாவில் படுத்துப் பிழைத்த பாப்பம்மா, இந்த மழையைத் தாண்ட ஊசியை நம்பி, ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முந்தானைக்குள்ளிருந்து அவள் நீட்டிய சிகிச்சை அட்டையைப் பார்த்த டாக்டர், குரலைத் தாழ்த்திக் கன்னடத்தில் கேட்கிறார். பாப்பம்மா வாய் திறப்பதற்குள் சுமாவின் கடமையுணர்ச்சி முந்திக்கொள்கிறது. "அக்கா, எச்.ஐ.வி. மாத்திரைய டெய்லி சாப்பிடுறீங்களான்னு கேக்குறாரு!" இவ்வளவு நேரம் பாப்பம்மாவோடு மாற்றி மாற்றிக் குடித்த தண்ணீர் பாட்டிலை, பக்கத்து வீட்டுக் கங்கம்மா மெல்லக் கீழே வைக்கிறாள். "எனக்கு இன்னாத்துக்கும்மா அந்த மாத்திரை? ஆளு மாத்திக் கேக்குறாரு" என்று பாப்பம்மா சிரிக்கப் பார்க்கிறாள், ரவிக்கைக் கையை இழுத்துவிட்டு எழுந்து நடக்கிறாள். "ஊசி போட்டுக்கினு போங்கக்கா, உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம்!" என்று சுமா வாசல்வரை கூவுகிறாள். மருந்து ஏற்றிய சிரிஞ்ச் தட்டில் கிடக்கிறது. பாப்பம்மாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும்.