அடுத்த புதன்கிழமை போட வேண்டிய ஊசி

"வீடு தேடி வந்து யாராவது கெஞ்சினாத்தான் ஊசி போடுவீங்க. நீங்களா போக மாட்டீங்க. அப்படித்தானேக்கா?"

கீர்த்திகாவின் குரல் வராந்தா கடைசி வரை கேட்டது.

பிரதீபா, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்த மகன் அகரனின் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். குழந்தையின் உடம்பெங்கும் மணலை வாரி இறைத்ததுபோல் சிவப்புத் தடிப்பு. மணல்வாரி அம்மை. சளி நெஞ்சில் இறங்கி, இன்றோடு மூன்று நாள்.

நெரவியில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. காரைக்காலில் காலேஜ் விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த கீர்த்திகா, ஆரஞ்சுப் பழத்தை வைத்த கையோடு ஆரம்பித்துவிட்டாள். காலேஜ் பட்டிமன்றத்தில் நடுவரையே மடக்கியவள். வாயில்லாத பிரதீபா எந்த மூலைக்கு?

"ஏம்மா, அதுவே மூணு நாளா பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்திருக்கு. அதைப் போட்டு இந்தக் கிழி கிழிக்கிறியே, நீ டாக்டரா?" தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா அமீர் நிஷா நிமிர்ந்தாள்.

"மைக்ரோபயாலஜி. ரெண்டாவது வருஷம்."

"அதானே பாத்தேன். டாக்டருங்க இவ்வளவு பேச மாட்டாங்க."

கீர்த்திகாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் விடுவதாக இல்லை. "கொழந்தையோட ஊசி கார்டு எங்கக்கா? குடுங்க."

பிரதீபா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"பிறந்தப்ப, ஒன்றரை மாசம், ரெண்டரை, மூணரை... எல்லாம் போட்டிருக்கு. இதோ! ஒன்பது மாசம், காலி! இந்த ஒரு ஊசி போட்டிருந்தா இவன் இப்படிக் கிடப்பானா?"

"எங்க, இப்படிக் காட்டு." கார்டை வாங்கியது நெரவி சுகாதார நிலைய நர்ஸ் பெரியநாயகி. கையில் ஒரு படிவத்தோடு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். "காலியாத்தான் இருக்கும். அடுத்த புதன்கிழமைதான் இவனுக்கு ஒன்பது மாசம் முடியுது."

கீர்த்திகா கார்டை மறுபடி எட்டிப் பார்த்தாள். "அப்ப... முன்னாடியே போட்டிருக்கக் கூடாதா?"

"தாய்கிட்டேருந்து வந்த எதிர்ப்பு சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கும். சீக்கிரமே போட்டா அது ஊசியைச் சரியா வேலை செய்ய விடாது. அதனாலதான் காத்திருக்கோம். அதுவரைக்கும் சுத்தி இருக்கிறவங்கதான் ஊசி போட்டுக்கிட்டு வேலியா நிக்கணும்."

நர்ஸ் படிவத்தை விரித்தார். "பிரதீபா, நல்லா யோசிச்சுச் சொல்லு. இவனுக்குக் காய்ச்சல் ஆரம்பிக்கறதுக்குப் பத்துப் பன்னெண்டு நாள் முந்தி, காய்ச்சலும் தடிப்புமா இருந்த யார்கிட்டயாவது தூக்கிக் குடுத்தியா?"

"இல்லீங்கம்மா. கோட்டுச்சேரி பஸ்ல கூட்டமா இருந்துச்சு. அதுல யாரோ..."

நர்ஸ் 'பஸ்' என்று எழுதிக்கொண்டார்.

கீர்த்திகாவின் மனசு நாள்களை எண்ணிப் பார்த்தது.

"நர்ஸம்மா, பெரியவங்களுக்கும் இது வருமா? சின்ன வயசுல ஊசி போட்டிருந்தாலும்?"

"ஒரு ஊசி மட்டும்னா, நூறு பேர்ல எண்பத்தஞ்சு பேருக்குத்தான் அது வேலை செய்யும். ரெண்டாவதும் போட்டாத்தான் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பாதுகாப்பு. ஏம்மா, நீ ரெண்டும் போட்டுக்கிட்டியா?"

ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திலேயே எல்லாருக்கும் இந்த ஊசியைப் போட்ட நாள். வாட்ஸ்அப்பில் என்னவோ படித்துவிட்டு, "ரெண்டு நாள் போவாத" என்றார் அப்பா. ஊசிக்குப் பயந்த அவளுக்கு அன்று குதூகலம்.

மூன்று வாரம் முன்பு அஞ்சு நாள் காய்ச்சல். முகம், கழுத்து எல்லாம் தடிப்பு. "இறால் ஒத்துக்கலை, அலர்ஜி" என்று தானே தீர்ப்புச் சொல்லி மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்தச் சாயங்காலம்தான், ரேஷன் கடைக்குப் போன பிரதீபா அகரனை இவள் மடியில் விட்டுப் போனாள். இவள் அவன் கன்னத்தோடு கன்னம் வைத்து அரைமணி நேரம் கொஞ்சினாள்.

நர்ஸ் படிவத்தை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

"நர்ஸம்மா!" கீர்த்திகாவின் குரல் இப்போது பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "பஸ்ஸுன்னு எழுதினதை அடிச்சிடுங்க. என் பேரை எழுதிக்குங்க. எனக்கு ரெண்டாவது ஊசி போடலை. நான்தான் இவனைத் தூக்கி வெச்சிருந்தேன்."

நர்ஸ் படிவத்தை மறுபடி விரித்தார். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். "நாளைக்குக் காலைல ஒங்க தெருவுக்கு வர்றேன். வேற கைக்கொழந்தைங்க இருந்தா பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அகரனின் மூச்சு கர்கர்ரென்று இழுத்தது.

"அக்கா, இவன்..."

"இன்னும் ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியுமாம்."

"நீங்க அந்த வாரம் பஸ்ல போகவே இல்லையே, எதிர்வீட்டுல இருக்கிற எனக்குத் தெரியாதா? என்னாலதான்னு தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லலை? நான் அத்தனை பேச்சு பேசினப்பவும்..."

பிரதீபா ஈரத்துணியால் குழந்தையின் உதட்டை ஒற்றினாள். குரலில் கோபமே இல்லை.

"ஒன்னைச் சொல்லி என்ன கீர்த்தி? அம்மை போட்டிருக்குன்னு ஒங்கம்மா வாசநெலையில செருகின வேப்பிலையை, 'எந்தக் காலத்துலம்மா இருக்கே'ன்னு நீ பிச்சு எறிஞ்சதை எங்க வாசல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். படிச்ச பொண்ணே எடுத்துட்டா, இனி பயமில்லைன்னுதான் இவனைத் தூக்கிட்டு வந்தேன்."