நாடி ஒத்திகை

ஆட்டத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதும் அரையிறுதி. வியாசர்பாடியே காத்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

அறையில் யாருடைய நாடியாவது நூற்றிருபதைத் தாண்டினால், அவர் மணிக்கட்டிலிருக்கும் நாடிப் பட்டை, இதயத்துக்கு ஆகாதென்று டிவியை அணைத்துவிடும். நேரலையில் அணைந்தால் காலைவரை வராது. போன வருடம் இதே அணிகள் மோதியதை அப்படித்தான் கோட்டைவிட்டோம். அப்பா ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. அதனால் தம்பி ஆல்வின் அந்த அணிகளின் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டு அவரைப் பழக்கினான்.

"மூச்ச இழுத்து விடுப்பா. லிவர்பூல்னு ஒரு டீமே இல்லனு நெனச்சுக்கோ."

"பெத்த புள்ளையே இல்லனு நெனச்சுக்கலாம்டா. இது முடியாது."

மாட்ரிட்டுக்கு கார்னர் கிடைத்தது. டிவி அணைந்தது.

"ஒரு பந்துக்குப் போயி இப்படியா?" என்றாள் அம்மா, பூண்டு உரித்தபடி.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு தெருவுக்குப் போனார். ஆல்வின் அதே இடத்திலிருந்து மறுபடியும் போட்டான். மாட்ரிட் கார்னர். டிவி மறுபடியும் அணைந்தது.

ஆல்வினின் பட்டை எண்பத்தெட்டு காட்டியது. என்னுடையது எழுபத்தாறு. இருவரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அம்மா, கையக் காட்டு," என்றேன்.

வாசலில் அப்பாவின் தலை தெரிந்தது. "அணைஞ்சிடுச்சா? நான்தான் வெளியில இருக்கேனே!"

அம்மா பூண்டைக் கீழே வைத்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே நான் மாட்ரிட்டுங்க," என்றாள்.