சத்தம் மாறிய கட்டை

அந்த அடியில்தான் சத்தம் மாறியது.

அதுவரை ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் ஜீப்புக்கு அடியிலிருந்த பீங்கான் கட்டை ‘ணங்’கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ‘சொத்’தென்றது. ஈரச் சுவரைக் கையால் தட்டியதுபோல.

அன்பரசி டீ டம்ளரோடு வாசலில் நின்றுவிட்டாள். மகள் இனியா அடுப்பிலிருந்து இறக்கி அப்படியே ஊற்றிக் கொடுத்திருந்தாள். முந்தானையைச் சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. கொஞ்சம் ஆறியிருந்தாலும் விருத்தகிரி அதைச் சுவரில் வீசுவான்.

அவள் கணவன் விருத்தகிரி ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். முன்சக்கரம் கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தது. ஜாக்கியை நம்ப முடியாது, தானாக இறங்கிவிடும். அதனால் அதை எடுத்துவிட்டு, அச்சுக்குக் கீழே அந்தக் கட்டையை நிறுத்தியிருந்தான். மின்கம்பிகளைத் தாங்குவதற்காகச் செய்து, கோணல் என்று கம்பெனி கழித்துப் போட்ட பீங்கான். விருத்தாசலத்தில் அது இல்லாத வீடு குறைவு. கதவுக்கு முட்டுக்கொடுக்கும், வண்டியையும் தாங்கும்.

இரும்பு என்றால் வளையும், கிறீச்சிடும், விழப்போகிறேன் என்று சொல்லிவிட்டு விழும். பீங்கான் சொல்லாது. விரிசல் விட்ட பிறகும் தாங்கிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு நொடியில் இல்லாமல் போகும்.

அன்பரசிக்கு அது தெரியும். கம்பெனியில் அவள் வேலையே அதுதான். சூளையிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் மரக்குச்சியால் தட்டி, காதால் கேட்டுப் பிரிப்பது. ணங் என்றால் இந்தப் பக்கம். சொத் என்றால் குப்பைக்கு.

ஆனால் நேற்று இரவிலிருந்து அவளுடைய இடது காது அடைத்திருந்தது. தவறாகக் கேட்டிருக்கலாம்.

அடுத்த அடி. சொத்.

“கழல மாட்டேங்குதே சனியன்” என்று அடியிலிருந்து அவன் முனகினான்.

சக்கரத்தின் வேகத்தைச் சொல்கிற சென்சார். விரல் நீளம்கூட இருக்காது. இந்தப் பழைய ஜீப் முன்பு களிமண் குவாரியில் மேடுபள்ளம் பார்க்காமல் ஓடியது. துளைக்குள் புகுந்த வெள்ளை மண் பிரேக் சூட்டில் வெந்து, சென்சாரைக் கவ்வியபடியே கல்லாகிவிட்டது. அது கெட்டதிலிருந்து, பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்பதா வேண்டாமா என்று யோசித்தது.

புதிய சென்சார் பிளாஸ்டிக் உறையோடு படியில் காத்திருந்தது. அதை மாட்டிவிட்டால் சாயங்காலம் இதே மாவட்டத்திலுள்ள மங்களூருக்குப் புறப்படலாம். அங்கே அவனுடைய அக்கா வீட்டில் நாளைக்கு இனியாவுக்குப் பரிசம். அக்கா மகன்தான் மாப்பிள்ளை. இனியாவுக்கு வயது பதினேழு.

படிக்கிற பிள்ளை என்று அன்பரசி நேற்று ஒரு பேச்சுத்தான் பேசினாள். காது அடைத்தது அதற்குத்தான்.

இப்போது சொல்ல வேண்டும். வெளியே வாங்க என்று சொன்னால் போதும்.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இதுதான் போலிருக்கிறது. கனவில் யாரோ துரத்தும்போது இப்படித்தான் இருக்கும். கால் நகராது. குரல் எழும்பாது.

சொத்.

கட்டையின் அடிப்பாகத்தில் ஒரு கோடு தெரிந்தது. வெள்ளைத் தட்டில் ஒட்டிய தலைமுடிபோல. அடிக்க அடிக்க அது மேலே ஏறியது. அவனுடைய கால் கட்டைவிரல்கள் எதற்கோ தாளம் போடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தன. அவள் கோட்டைப் பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள். மறுபடியும் கோட்டை.

“அம்மா, அப்பாவுக்கு டீ குடுத்துட்டியா?” வீட்டுக்குள்ளிருந்து இனியா கேட்டாள்.

“தோ, குடுக்கிறேன்டி.”

கணீரென்று வந்தது.

தொண்டைக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் கோடு பயமுறுத்தியதைவிட அவள் குரல் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

டம்ளரைப் படியில் வைத்துவிட்டு ஓடினாள்.

“இனியா அப்பா, வெளிய வாங்க. கட்டை விரிசல் விட்டுடுச்சி.”

“காது கேக்கலைன்னு காலையில மூக்கச் சிந்துன. இப்ப கட்டை பேசுறது மட்டும் கேக்குதாக்கும்?” அடியிலிருந்து சிரித்தான். “போடி. இன்னும் ஒரே அடி, கையோட வந்துடும்.”

சுத்தியல் உயர்வது தெரிந்தது. அவள் குனிந்து அவனுடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்து, பின்னால் விழுகிற மாதிரி இழுத்தாள். விரித்திருந்த சாக்கோடு சேர்ந்து அவன் வழுக்கிக்கொண்டு வந்தான். கையிலிருந்து நழுவிய சுத்தியல் கட்டையின் மேல் விழுந்தது. தலை வெளியே வந்ததும் ஒரு கெட்ட வார்த்தையைத் தொடங்கினான்.

முடிக்கவில்லை.

பட்டென்று ஒரு சத்தம். முன்னங்கால் மடங்கிய மாடுபோல ஜீப் தரையில் உட்கார்ந்தது. வெள்ளைத் தூள் கிளம்பியது. அவன் நெஞ்சு இருந்த இடத்தில் இப்போது இரும்பு இருந்தது.

விருத்தகிரிக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தூள் அடங்குவதற்கு முன்பே அவன் கை படியிலிருந்த டம்ளரைத் தேடி எடுத்தது. மடமடவென்று பாதி குடித்தான்.

பிறகு நிறுத்தினான்.

“என்னாடி, பச்சத் தண்ணியாட்டம் இருக்குது?”

மீசையில் எதுவோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தான். பாலாடை. தடித்து, தோல்போல. அதைப் பார்த்தான், உடைந்து கிடந்த கட்டையைப் பார்த்தான், கடைசியாக அன்பரசியைப் பார்த்தான்.

டம்ளரை அவன் வீசவில்லை. சத்தம் வராமல் படியில் வைத்தான்.

அப்புறம் அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.