ஒன்பதாவது கேள்வி

எட்டுக் கேள்விகளுக்கு ஜோசியா தடங்கலில்லாமல் பதில் சொல்லிவிட்டான்.

லேப்டாப் திரையில் இருந்த பெண் முகம் ஒவ்வொரு பதிலுக்கும் அளவாகத் தலையாட்டியது. பெண் என்பது பேச்சுக்குத்தான். எம்.எஸ். சேர்க்கைக்கு நேர்காணல் செய்ய அயர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று உட்கார்த்தி வைத்திருந்த ஏ.ஐ. அது. நான்கு விநாடிக்கு ஒரு தரம் கண் சிமிட்டும் அளவுக்கு வசதி செய்து கொடுத்திருந்தார்கள்.

சிறு வயதிலிருந்தே தனக்கு டேட்டாமீது தீராத ஆர்வம் என்று சொன்னான் ஜோசியா. சிறு வயதில் அவனுடைய தீராத ஆர்வமெல்லாம் மல்காஜ்கிரி மைதானத்துக் கிரிக்கெட்டில்தான் இருந்தது. ஆனால் ஃபோனில் இருந்த இன்னொரு ஏ.ஐ. பதினைந்து நாளாக இப்படித்தான் சொல்லப் பழக்கியிருந்தது.

கேட்டது ஒரு மெஷின், சொல்லிக் கொடுத்தது ஒரு மெஷின். நடுவில் வாயசைக்க மட்டும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா ரேச்சல் முழங்கால் போட்டு ஜெபித்துக் கொண்டிருந்தாள். ஏற்கெனவே இரண்டு பல்கலைக்கழகங்கள் கைவிரித்துவிட்டன. இது மூன்றாவது. இதோடு சரி. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் விமானம் ஏறிப் போய், பனியில் நின்று படம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்பதாவது கேள்வி வந்தது.

“என் வகுப்பில் இவர் மூன்று மொழிகளில் பாடம் நடத்தினார் என்று பேராசிரியர் பத்ரி தன் பரிந்துரைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதைப் பற்றிச் சொல்லுங்கள்.”

பாடமா? ஜோசியாவா?

பத்ரி சாரின் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் அவன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் பேசியதுதான். கடைசி பெஞ்சில் பேசிப் பேசியே மூன்று தரம் வெளியே போய் நின்றிருக்கிறான்.

இது யார் பார்த்த வேலை என்று உடனே பிடிபட்டது. அவன் காலேஜில் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால் எல்லா சார்களும் சொல்வது ஒன்றுதான்: நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போட்டு ஏற்றிவிடுகிறேன். ஜோசியாவும் எழுதினான். அதாவது ஏ.ஐ.யிடம் எழுதச் சொன்னான். பதினோரு விநாடியில் வந்த கடிதத்தில் இரண்டு வரி படித்தான். தன்னைப் பற்றியே அதற்குமேல் படிக்கக் கூச்சமாக இருந்ததால் அப்படியே சாருக்கு அனுப்பிவிட்டான்.

மீதிப் பக்கத்தில் அந்தக் கழுதை என்னவெல்லாம் அளந்து வைத்திருக்கிறதோ!

ஆமாம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அடுத்த கேள்வி வரும். எந்த மூன்று மொழி? என்ன பாடம்? யாருக்கு? நேர்காணல் ஏ.ஐ. விடாமல் தோண்டும், ஒரு பொய் பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது என்று வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் கன்சல்டன்சியின் ஷோபா மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அன்று முதல் தடவையாக, யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு பதிலை ஜோசியா சொன்னான்.

“அது உண்மையில்லை. நான் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை.”

திரை முகம் கண் சிமிட்டியது. பதிலைக் குறித்துக்கொண்டதாகச் சொல்லி, நன்றி கூறி, மறைந்தது. மொத்தம் பன்னிரண்டு கேள்வி என்றிருந்தார்கள். மீதி மூன்று வரவே இல்லை.

ஃபோனை எடுத்தான். மூன்று மொழி என்று ஏன் எழுதித் தொலைத்தாய் என்று தன் ஏ.ஐ.யைக் கேட்டான்.

“மன்னிக்கவும். நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அந்த வரியை நான் சேர்த்திருக்கக் கூடாது” என்று அது சடாரெனக் காலில் விழுந்தது. “இன்னும் நம்பும்படியாக மாற்றித் தரட்டுமா?”

தான் அனுப்பிய கடிதத்தைத் தேடித் திறந்து முழுக்கப் படித்தான். தலைமைப் பண்பு நான்கு இடத்தில் இருந்தது. மூன்று மொழி எங்கேயும் இல்லை.

எழுதாத வரிக்கு அது எதற்கு மன்னிப்புக் கேட்டது என்று விளங்கவில்லை. அப்படியென்றால் எழுதியது யார் என்பது அதைவிட விளங்கவில்லை. லெட்டரில் ஏதாவது மாற்றினீர்களா என்று பத்ரி சாருக்கு வாட்ஸாப் தட்டினான்.

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டிலிருந்து, குக்கர் விசிலோடு சாரின் குரல்பதிவு வந்தது.

“நீ அனுப்பினது ரொம்ப நன்னா இருந்துதுடா. யாரைப் பத்தின்னுதான் தெரியலை. சரின்னு நானே ஒக்காந்து எழுதிட்டேன். நான் போர்டுல இங்கிலீஷ்ல பொளந்து கட்டிண்டிருப்பேன். நீ பின்னாடி அதையே அந்த பீகார் பையனுக்கு ஹிந்தியில, ஸ்ரீகாகுளம் பையனுக்குத் தெலுங்குல, நம்ம திருநெல்வேலி சுதர்சனுக்குத் தமிழ்லன்னு ஓட்டிண்டிருப்பே. அரட்டைன்னு நெனச்சுதான் மூணு தரம் வெளியில அனுப்பினேன். மூணு பேரும் பாஸ் பண்ணினப்புறம் நிறுத்திட்டேன். அதைப் பத்திக் கேட்டா விட்டுடாதே, நன்னா விரிவாச் சொல்லு, என்ன?”

ஜோசியா இன்னொரு தரம் போட்டுக் கேட்டான்.

பெஞ்சில் அவன் பேசியதெல்லாம், “டேய், அந்த ஆள் என்ன சொல்றார்னா...” என்றுதான் ஆரம்பிக்கும். அதற்குப் பாடம் என்று பெயர் இருப்பது அவனுக்குத் தெரியாது.

அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னடா, ஹவ்வா நக்கோவா? ஆமாவா, இல்லையா? பாஸ்டர் ரெண்டு தடவ ஃபோன் பண்ணிட்டாரு.”

“தெரியலம்மா.”

“கேட்டதுக்கெல்லாம் உண்மையத்தானே சொன்னே?”

“ஒரே ஒரு தடவ சொன்னேம்மா” என்றான் ஜோசியா. “அது பொய்யாப் போச்சு.”