பயிற்சிப் படம்

வாயால் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுகிறார்கள். படமாகக் காட்டினால்தான் மண்டையில் ஏறும் என்பது மருத்துவமனை மேலாளரின் நம்பிக்கை. நோயாளிகளை எப்படிக் கவனிப்பது என்ற படத்தைப் பார்க்க, ஊழியர்களை ஒருவர் விடாமல் மாடிக்கு வரவழைத்திருந்தார்.

அவர்கள் வந்தபோதே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத வரவேற்பு மேசை முன்னால் ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வசனம் இல்லை, வண்ணமும் இல்லை.

"இதுல என்ன தப்பு, சொல்லுங்க," என்றார் மேலாளர்.

"உட்கார வைக்கக்கூட ஆளில்லை," என்றார் தலைமை நர்ஸ்.

"நடிப்பு கொஞ்சம் ஓவர்," என்றார் கணக்கர்.

வரவேற்பாளர் உதட்டைப் பிதுக்கினாள். "மேசையில ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க? காதுல பூ சுத்துறாங்க சார்."

மேலாளருக்கும் அது நியாயமாகப் பட்டது.

எலெக்ட்ரீஷியன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "பென் டிரைவ் கிடைச்சிருச்சு சார். படத்தைப் போட்டுரலாமா?"

"அப்ப இது?"

"நம்ம கீழ்த்தளத்துக் கேமராங்க. டி.வி.யைப் போட்டா முதல்ல அதுதான் வரும்."

நாற்காலிகள் உருண்டன. மேலாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் அறை காலி. எல்லோரும் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தார்கள்; முதல் ஆளாக வரவேற்பாளர், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு.

"படத்தைப் போடட்டுமா சார்?" என்றார் மிஞ்சி நின்ற எலெக்ட்ரீஷியன்.

"வேண்டாம். இதே ஓடட்டும்."