பதினாலாம் கட்டிலின் நாடி

பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பில் சேர, நோயாளிகளைத் தொட்டுப் பணி செய்த நேரம் ஆயிரம் மணியாவது இருக்க வேண்டும். நோயாளியின் நாடியைப் பதிவுசெய்யும் கைப்பட்டையே, வேறொருவர் கை பட்டால் அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருடம் வார்டு உதவியாளராக இருந்த ஸ்டெல்லாவின் கணக்கில் தொண்ணூறு மணிதான் இருந்தது.

“ஏம்மா இவ்வளவு கம்மி?” என்று நேர்காணலில் டாக்டர் நப்பின்னை கேட்டார்.

“உடம்பு துடைக்கும்போது பட்டையைக் கழட்டிருவேன் மேடம். ஈரம் பட்டா அடியில புண்ணாயிரும். தொலைஞ்சிரக் கூடாதுன்னு என் கையில மாட்டிக்கிடுவேன்.”

டாக்டர் பழைய பதிவுகளைத் திறந்தார். தினமும் காலையில் அந்த வார்டு நோயாளிகள் அத்தனை பேருக்கும், கட்டில் கட்டிலாக, ஒரே நாடி ஓடியிருந்தது. ஸ்டெல்லாவின் கையில் ஒரு பட்டையைக் கட்டிப் பார்த்தார். அதே நாடி. அது ஓடிய நேரத்தைக் கூட்டியபோது இரண்டாயிரம் மணியைத் தாண்டியது.

“பதினாலாம் கட்டில்ல ஒரு நாள் மட்டும் தாறுமாறா துடிச்சிருக்கே. அன்னைக்கு உனக்கு உடம்புக்கு முடியலையா?”

“இல்ல மேடம். பக்கவாதம் வந்து மூணு மாசமா பேச்சில்லாம கிடந்தாரு சுலைமான் பாய். அன்னைக்குத்தான் வாயைத் திறந்து, ‘ஸ்டெல்லா, நல்லா இரும்மா’ன்னாரு.”

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், டாக்டர் அந்தத் துடிப்பை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார்.